ஒட்டாங்குளத்துத் தேர் நிலைக்கு வந்த விதம்

ஒட்டாங்குளத்தில் யாரையும் முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஊரில் வேறு மாதிரி ஆள் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். ஒருத்தி, "மழை வந்தா குடையைப் பிடி" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவன் வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து குடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெளியே நல்ல மழை. அந்த ஊரில் இதைக் கதை என்று யாரும் சொல்வதில்லை.

ஊருக்கு ஒரு அம்மன். கரையடி அம்மன். அம்மனுக்கு ஒரு தேர். சின்னத் தேர்தான். வருஷத்துக்கு ஒருமுறை கோவில் வாசலில் உள்ள தகரக் கொட்டகையிலிருந்து புறப்பட்டுத் தெருக்களைச் சுற்றி, கடைசியில் மேலத்தெரு இறக்கத்தில் இறங்கி, மறுபடி அதே கொட்டகைக்கு வந்து நிற்கும். அந்தக் கொட்டகைக்கு நிலை என்று பெயர். நான்கு மூங்கில் கால், மேலே தகரம், அவ்வளவுதான். ஆனால் தேர் நிலையை விட்டுப் புறப்பட்டால், திரும்ப நிலைக்கு வந்து சேரும்வரை ஊருக்குள் தாலி கட்டக் கூடாது. இது வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் தேர்ப் பொறுப்பு வைரவனுக்கு வந்தது. வைரவன் மாட்டு வியாபாரி. நாலு சந்தைக்குப் போய் வந்தவர். ஊர்க்காரர்களை நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்கிற அளவுக்கு விவரம் உண்டு. அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்துகொள்கிற அளவுக்கு இல்லை.

அவர் மகள் மரகதத்துக்குத் தேருக்கு மறுநாள் காலையில் கல்யாணம். தேருக்கு வருகிற சொந்தபந்தம் அப்படியே கல்யாணத்துக்கும் இருந்துவிடும், இரண்டு தடவை அழைக்க வேண்டாம் என்பது வைரவனின் யோசனை. மாப்பிள்ளை ஞானசேகரன் டவுன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். இதற்கு முன் மரகதத்துக்கு வந்த ஒரு வரன், "போய்க் கடுதாசி போடுகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனது. அவர்கள் போடுகிறார்களா என்று பார்க்க அவளுடைய சித்தப்பா கூடவே போய், அவர்கள் ஊர்த் தபால்பெட்டி அடியில் நின்றார். அந்தச் சம்பந்தம் அத்துடன் முடிந்தது. இதுவும் தட்டிப்போனால் கடைசிவரை ஒட்டாங்குளத்திலேயே இருக்க வேண்டியதுதான் என்பது மரகதத்துக்குத் தெரியும். ஒரு டிரங்குப் பெட்டியில் தன் துணிமணிகளை அடுக்கி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

தேர் அன்று ஒழுங்காகத்தான் கிளம்பியது. மேலத்தெரு இறக்கத்தின் உச்சிக்கு வந்தபோது நல்ல வெயில். வைரவன் சோலையப்பனைத் தனியாக அழைத்தார். சோலையப்பன் முட்டுக்கட்டைக்காரன். சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகித் தேரை நிறுத்துவதும், கட்டையை உருவித் தேரை விடுவதும் அவன் பொறுப்பு. அம்மன் தேரில் இருக்கும்வரை வேறு கை அந்தக் கட்டையில் படக் கூடாது. அதுவும் வழக்கம்.

முந்தின வருஷம் இதே இடத்தில், ஒரு பெண் தன் மகளிடம் "குடத்தை எடு" என்று கத்த, சோலையப்பன் கட்டையை எடுத்துவிட்டான். தேர் தானாக இறங்கிப் போய் டீக்கடை வாசலில் நின்றது. டீக்கடைக்காரர் அம்மனுக்கு ஒரு டீ போட்டார்.

"சோல, போன வருஷம் மாதிரி ஆகக் கூடாது" என்றார் வைரவன். "கட்டையைச் செருகு. நான், என் வாயால 'எடு'ன்னு சொன்னாத்தான் எடுக்கணும். வேற யார் சொன்னாலும் எடுக்கக் கூடாது."

"யார் சொன்னாலுமா அண்ணே?"

"யார் சொன்னாலும்."

"அம்மனே சொன்னா?"

"அது சொல்லாது. நீ செருகு."

சோலையப்பன் செருகினான். பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டான்.

வைரவன் வடம் இழுக்கிறவர்களிடம் வந்தார். அவர்களுக்குத் தலைவர் மாசிலாமணி. எந்த விஷயமானாலும் கண்ணை மூடி யோசித்துவிட்டுத்தான் பேசுவார். சில சமயம் யோசனை முடிந்த பிறகும் கண்ணைத் திறக்க மறந்துவிடுவார்.

"இங்கேருந்து இறக்கம்" என்றார் வைரவன். "தேர் பிச்சுக்கிட்டு ஓடும். ஒரு வடத்தைப் பின்னால கட்டுங்க. பாதிப் பேர் பின்னால போய் இழுத்துப் பிடிங்க. பாதிப் பேர் முன்னால."

பாதியாகப் பிரிந்தார்கள். ஒரு ஆள் மிஞ்சினான். பொன்னுரங்கம்.

"இவன் முன்னால வந்தா முன்னால பாதிக்கு மேல போயிடும்" என்றார் மாசிலாமணி.

"பின்னால போனா பின்னால கூடிடும்" என்றான் பொன்னுரங்கமே.

"வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

"அப்ப அவன் வேலைக்கு வரலைன்னு ஆயிடும்."

மாசிலாமணி கண்ணை மூடினார். பிறகு, "முன்னாலயும் இல்லாம பின்னாலயும் இல்லாம ஒரு இடம் இருக்கு" என்று பொன்னுரங்கத்தைத் தேருக்குள் ஏற்றிவிட்டார். சும்மா நிற்க மனமில்லாத பொன்னுரங்கம், உள்ளே நின்றபடி தேரின் முன்கால் இரண்டையும் பிடித்து முன்பக்கமாகத் தள்ளத் தொடங்கினான்.

முன்னால் இருந்தவர்கள் முன்பக்கம் இழுத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பின்பக்கம் இழுத்தார்கள். இரண்டு பக்கமும் சமமான ஆட்கள், எல்லோரும் நல்ல உழைப்பாளிகள். நடுவில் தேர் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றது.

"முன்னால இழுக்காதீங்கப்பா! சும்மா இருங்க!" என்று வைரவன் கத்தினார். முன்னால் இருந்தவர்கள் வடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் தேரை மேட்டுக்கு இழுத்தார்கள். "ஐயோ, பின்னால அவ்வளவு இழுக்காதீங்க!" அவர்களும் சும்மா இருந்தார்கள். தேர் இறங்கி வந்து கட்டையில் இடித்தது. "பிடிங்கப்பா பிடிங்க!" எல்லோரும் பிடித்தார்கள். மறுபடியும் கிர்ர்.

இப்படியே சாயங்காலம் ஆனது. ஒருவழியாக முன்னால் இருப்பவர்கள் லேசாகவும் பின்னால் இருப்பவர்கள் பதமாகவும் பிடித்திருந்த ஒரு நல்ல நேரம் வாய்த்தது. வைரவன் சோலையப்பன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை. காற்று வந்தது.

"என்னண்ணே?" என்றான் சோலையப்பன்.

வைரவன் கையை ஆட்டினார். கட்டையைக் காட்டினார். உருவுவதுபோல் செய்து காட்டினார். சோலையப்பன் கவனமாகப் பார்த்தான்.

"கையால சொல்றீங்க அண்ணே. வாயாலன்னுதான் பேச்சு."

வைரவன் வாயை அகலமாகத் திறந்து அசைத்தார்.

"வாய் வருது. சொல் வரலை. அவசரமில்லை, நான் இங்கதான் இருக்கேன்."

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அம்மா கோமதி. இறக்கத்தின் அடியில், நிலைக்குப் பக்கத்தில் கல்யாணப் பந்தல். அங்கே நின்று மேலே பார்த்தார். தேர் உச்சியில் இருந்தது. வைரவன் ஓடி இறங்கி வந்தார்.

"என்ன சம்பந்தி, தேர் இன்னும் வரலையா?"

வைரவன் வாயைத் திறந்து மூடினார்.

"என்ன இவர், ஒரு வார்த்தை பேசக்கூட மாட்டேங்கறார்? வழக்கம் எல்லாம் எங்களுக்கும் தெரியும். நாளைக்குக் காலையில முகூர்த்தத்துக்குள்ள தேர் நிலைக்கு வரலைன்னா நாங்க வேன்ல ஏறிடுவோம். அப்புறம் அடுத்த முகூர்த்தம், அது இதுன்னு பேச்சுக்கே இடமில்லை."

மரகதம் பெட்டியிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு வந்து தேரைப் பார்த்தாள். மறுபடி பெட்டியில் போய் உட்கார்ந்தாள்.

ஞானசேகரன் நல்ல பிள்ளை. நேராக மேட்டுக்கு ஏறிப் போய்த் தேரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு வாத்தியாருக்கு விஷயம் உடனே புரிந்தது.

"அண்ணே, இது இறக்கம். இந்தக் கட்டையை எடுத்தா தேர் தன்னால இறங்கிடும். இழுக்கவே வேண்டாம்."

"அது சோலையப்பன் பொறுப்பு மாப்ளே" என்றார் மாசிலாமணி. "அதுல நாங்க தலையிடறதில்லை. எங்களுக்கு இழுக்கறதைப் பத்தி ஏதாவது இருந்தா சொல்லுங்க."

ஞானசேகரன் சோலையப்பனிடம் கேட்டுப் பார்த்தார். சோலையப்பன் மரியாதையாக எழுந்து நின்று, "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். ஞானசேகரன் தேருக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன பண்றீங்க?"

"தள்றேன் மாப்ளே."

"தேர் மேலயே நின்னுக்கிட்டுத் தேரைத் தள்ள முடியாது. வெளிய இருந்து விசை கொடுத்தாத்தான் நகரும். நீங்க கையால முன்னால தள்ற அளவுக்குக் காலால பின்னால தள்றீங்க."

பொன்னுரங்கம் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். "துரோகிங்க" என்றான். அதன் பிறகு கையால் இன்னும் பலமாகத் தள்ளினான்.

மாசிலாமணிக்கு மாப்பிள்ளையின் பேச்சு பிடித்துப்போனது. எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பின் வடத்துக்காரர்களிடம் "இழுத்துப் பிடிங்க" என்று சொல்லியிருந்ததால், அவர்கள் மட்டும் வடத்தை விடாமல் உட்கார்ந்தார்கள். இத்தனை பேர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் ஒரு வாத்தியாரால் சும்மா இருக்க முடியாது.

"விசை கொடுத்து ஒரு பொருள் நகர்ந்தாத்தான் அதுக்கு வேலைன்னு பேரு" என்று ஞானசேகரன் ஆரம்பித்தார். "எவ்வளவு கஷ்டப்பட்டு இழுத்தாலும், நகரலைன்னா வேலை பூஜ்யம்."



"காலையிலிருந்து மேலத்தெரு வரைக்கும் செஞ்சது?" என்று ஒருவர் கேட்டார்.

"அது வேலை."

"மத்தியானத்திலிருந்து?"

"ஒண்ணும் செய்யலை."

"பாத்தீங்களா" என்றார் மாசிலாமணி மற்றவர்களிடம். "எனக்கு அப்பவே சந்தேகம். ஒண்ணும் செய்யாத நாள்லதான் எனக்கு இப்படி முதுகு வலிக்கும்."

இந்தப் பேச்சு சமையல் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அன்னக்கொடி பெரிய அண்டாவில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தாள். "வேலை செஞ்சவங்களுக்கெல்லாம் வயிறாரச் சோறு போடு" என்று வைரவன் குரல் இருந்தபோது அவளிடம் சொல்லியிருந்தார். சாப்பிட வந்தவர்களை அவள் கரண்டியால் தடுத்தாள்.

"மத்தியானத்திலிருந்து யாரும் வேலை செய்யலைன்னு மாப்பிள்ளையே சொன்னாராமே. அப்புறம் என்ன சோறு?"

யாரும் சண்டை போடவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வரிசையாகத் திரும்பி நடந்தார்கள். ஞானசேகரன்தான் பதறிப்போய் ஓடி வந்தார்.

"அக்கா, அது பாடத்துல சொல்ற வேலை. பசிக்கு அதைப் பாக்கக் கூடாது."

"அதென்ன பாடம்? எனக்கும் சொல்லுங்க தம்பி."

அவர் சொன்னார். அன்னக்கொடி கரண்டியைப் பார்த்தாள். அண்டாவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். கரண்டி புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"காலையிலிருந்து சுத்திச் சுத்தி இது அதே இடத்துலதானே தம்பி நிக்குது?"

"அது... இடப்பெயர்ச்சி பூஜ்யம்தான். ஆனா அங்க சாம்பார் எதிர்க்குது இல்லையா, அதனால..."

அன்னக்கொடி மிச்சத்தைக் கேட்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருபது வருஷமா இந்த ஊருக்கு ஆக்கிப் போடறேன்" என்றாள். "ஒரு வேலையும் செய்யலை."

மாசிலாமணி கண்ணை மூடினார். ஊரே காத்திருந்தது. "கரண்டி திரும்பி வர்றதுக்குள்ள அண்டா அங்க இல்லைன்னா?" என்றார்.

அடுப்பையும் அண்டாவையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். நான்கு பேர் மெதுவாகத் தள்ள, அன்னக்கொடி கூடவே நடந்து கிண்டினாள். கரண்டி புறப்பட்ட இடத்துக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. சாம்பார் கோவில் வாசலில் கொதிக்க ஆரம்பித்துக் கீழத்தெருக் கடைசியில் இறக்கப்பட்டது. ருசியில் குறை ஒன்றுமில்லை. சாதம் கோவிலிலும் சாம்பார் கீழத்தெருவிலும் இருந்ததால் சாப்பிட்டவர்கள் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது. அதையும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாசிலாமணி ஒரு சந்தேகம் கேட்டார். "அப்ப நாங்க மத்தியானம் இழுத்த பலமெல்லாம் எங்க போச்சு மாப்ளே? வீணாப் போச்சா?"

ஞானசேகரன் இதற்குப் பதில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நல்ல கேள்வி. வகுப்பில் ஒரு மாணவன்கூட இதுவரை அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"ஆற்றலை அழிக்க முடியாது அண்ணே. ஒரு ரூபத்திலிருந்து இன்னொரு ரூபத்துக்கு மாறும். நீங்க இழுத்தது வெப்பமா மாறியிருக்கும். உங்க உடம்புல சூடு தெரியுதில்ல, அதுதான்."

மாசிலாமணி பக்கத்தில் இருந்தவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் அடுத்தவர் நெற்றியைத் தொட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எல்லோருடைய நெற்றியையும் தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

"எங்கயும் போகலை" என்றார் மாசிலாமணி நிம்மதியாக. "இங்கதான் இருக்கு. திருப்பிக் கொடுத்துடலாம்."

சூரியன் விழுகிற நேரத்தில் கோமதி பந்தலிலிருந்து பார்த்தார். மேட்டில், ஒட்டாங்குளத்து ஆண்கள் அத்தனை பேரும் தேரைச் சுற்றி நின்று, நெற்றியை மரத்தில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். கோமதிக்கு உடம்பு சிலிர்த்தது. "என்ன பக்தி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனாலும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

ஞானசேகரன் கடைசியாக ஒன்று சொன்னார். அதை அவர் பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்தார். "எந்த இடத்துல ஒண்ணு இன்னொண்ணைத் தொடுதோ அங்கெல்லாம் உராய்வு இருக்கும். அதுதான் நகர விடாது. எண்ணெய் போட்டா குறையும்."

அச்சுக்கு என்று அவர் சொல்லவில்லை.

எது எதைத் தொடுகிறது என்று எல்லோரும் தேடினார்கள். கால் ரோட்டைத் தொட்டது. கை வடத்தைத் தொட்டது. கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த கடலை எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து இரண்டிலும் தாராளமாக ஊற்றினார்கள். பிறகு, "ஏலேலோ" என்று ஒரு இழு. முன்னால் இருந்தவர்கள் அப்படியே வழுக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். பின்னால் இருந்தவர்கள் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். எல்லோரும் தேருக்கடியில் சந்தித்தார்கள்.

"நகர்ந்துச்சு!" என்றார் ஒருவர் அடியிலிருந்து.

"எது?"

"நாமதான்."

"அப்ப இது வேலைதான்" என்றார் மாசிலாமணி. அன்று எல்லோரும் திருப்தியாகத் தூங்கப் போனார்கள். சோலையப்பன் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. பின் வடத்துக்காரர்கள் வடத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டார்கள். பொன்னுரங்கத்திடம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

விடிந்தது. வைரவன் பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பாலைச் செம்பு செம்பாகக் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டையில் ஒன்றும் நடக்கவில்லை. வாசலில் வேன் உறுமுகிற சத்தம் கேட்டது. கோமதி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஞானசேகரன் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார்.

மரகதம் பட்டுப்புடவையோடு, தலை நிறையப் பூவோடு, வீட்டைவிட்டு வெளியே வந்தாள். யாரிடமும் கேட்காமல் மேட்டுக்கு ஏறினாள். அவள் சோலையப்பனிடம் போகவில்லை. அந்த ஊரில் பிறந்தவள், அவளுக்குத் தெரியும். மாசிலாமணியிடம் போனாள்.

"பெரியப்பா, வழக்கம் என்ன? தேரும் நிலையும் ஒரே இடத்துல இருக்கணும், அப்பத்தான் தாலி கட்டலாம். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் கண்ணு."

"தேர் நகராது. நிலை நகருமா?"

மாசிலாமணி கண்ணை மூடினார். வெகுநேரம் ஆனது. பிறகு திறந்தார். கண்ணில் நீர்.

"நிலைக்கு முட்டுக்கட்டை இல்லையே!" என்றார்.

ஒட்டாங்குளம் அன்று காட்டிய வேகத்தை அதற்கு முன்னும் காட்டியதில்லை, பின்னும் காட்டியதில்லை. நான்கு மூங்கில் காலையும் குழியிலிருந்து பிடுங்கினார்கள். தகரத்தோடு அப்படியே கொட்டகையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். தேருக்கு மேலே கவிழ்த்து, காலுக்கு ஒரு ஆளாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் ஒரு காலைப் பிடித்தது மாசிலாமணி.

"பெரியப்பா, நல்லாக் கேட்டுக்குங்க" என்றாள் மரகதம். "என்ன ஆனாலும் சரி, தேர் நிலையை விட்டு வெளிய வரக் கூடாது."

"நீ போய்க் கழுத்தை நீட்டும்மா. நாங்க பாத்துக்கறோம்."

கோமதி வேனிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். தேர் நிலையில் இருந்தது. குறை சொல்ல வழியில்லை. வேனின் உறுமல் நின்றது. மேளக்காரர்கள் உறையைக் கழற்றினார்கள்.

பந்தலிலிருந்து பார்த்தால் நேர் எதிரே மேட்டில் தேர் தெரியும். ஞானசேகரன் தாலியைக் கையில் வாங்கினார். மேளம் கொட்டியது. முதல் முடிச்சு விழுந்தது.

வைரவன் பக்கத்தில் நின்றிருந்தார். கண் கலங்கியது. தொண்டைக்குள் ஏதோ இளகியது. குரல் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. மகளை வாழ்த்தத்தான் வாயைத் திறந்தார். ஆனால் நேற்றிலிருந்து அந்தத் தொண்டையில் ஒரே ஒரு சொல் காத்துக்கொண்டிருந்தது. அது வேறு எதையும் முந்த விடவில்லை.

"எடு!"

மேளத்தையும் மீறி அது மேலத்தெரு முழுக்கக் கேட்டது.

"இதோ அண்ணே!" என்று மேட்டிலிருந்து பதில் வந்தது. சோலையப்பன் கட்டையை எடுத்தான்.

தேர் மெல்ல அசைந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. பின் வடத்துக்காரர்களிடம் விடும்படி யாரும் சொல்லாததால் அவர்கள் பிடியை விடவில்லை. நேற்று ஊற்றிய எண்ணெயில் நின்றபடியே வழுக்கி வந்தார்கள். அதனால் தேர் பாயாமல், ஒரு ஆள் ஓடுகிற வேகத்தில்தான் வந்தது. ஓடவும் செய்தார்கள். நான்கு மூங்கில் காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தகரம் தடதடக்க, தேரின் நான்கு மூலையிலும் மாசிலாமணி கோஷ்டி ஓடி வந்தது. தேருக்குள்ளிருந்து பொன்னுரங்கம் அலறினான்: "நகருது! நான்தான்! நான்தான் தள்றேன்!"

பந்தலில் ஞானசேகரன் இரண்டாவது முடிச்சில் கையை வைத்தவர் அப்படியே நின்றார்.

"போடாதே!" என்று கத்தினார் கோமதி. "தேர் கிளம்பிடுச்சு! போடாதே!"

"போடுங்க மாப்ளே!" என்று ஓடியபடியே மாசிலாமணி கத்தினார். "தேர் நிலையிலதான் இருக்கு!"

"ஓடுதேய்யா!"

"ஓடறது நாங்கம்மா! தேர் உள்ளதான் நிக்குது! ஒரு விரக்கடைகூட வெளிய வரலை!"

கோமதி மகனைப் பார்த்தார். "டேய், நீதானே வாத்தியார். தேர் ஓடுதா நிக்குதா? சொல்லு."

ஞானசேகரன் தேரைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். மறுபடி தேரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம்.

"நிலையை வச்சுப் பாத்தா அம்மா... தேர் ஓய்வுலதான் இருக்கு."

"அப்ப போடுங்க" என்றாள் மரகதம் குனிந்த தலையோடு.

இரண்டாவது முடிச்சு விழுந்தது. தேர் பந்தலை நெருங்கியது. மூன்றாவது முடிச்சு விழுந்தபோது தேர்ச் சக்கரங்கள் தங்கள் பழைய பள்ளத்தில் இறங்கி நின்றன. நான்கு மூங்கில் காலும் பழைய குழிகளில் இறங்கின. எதுவும் நடக்காதது போலவே எல்லாம் இருந்தது. மேளக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து வாசித்தார்கள்.

பின்னாலேயே சோலையப்பன் கட்டையை இரண்டு கையிலும் ஏந்தி நடந்து வந்தான்.

"எடுத்துட்டேன் அண்ணே. எங்க வைக்க?"

வைரவன் வாயைத் திறந்தார். இருந்த குரல் முழுவதும் அந்த ஒரு சொல்லிலேயே செலவாகியிருந்தது. காற்று வந்தது.

"சரிண்ணே" என்று சோலையப்பன் காத்திருந்தான். கல்யாண போட்டோக்கள் எல்லாவற்றிலும் அவன் ஓரத்தில் கட்டையோடு நிற்கிறான். அம்மன் இன்னும் தேரைவிட்டு இறங்காததால் வேறு யாரும் வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் அன்னக்கொடி அவனுக்கு இலை போடவில்லை. "சுமந்துக்கிட்டுச் சும்மா நிக்கிறே. நகரலையே" என்றாள். அவன் இரண்டு பந்திக்கு நடுவில் நடந்துகாட்டிய பிறகு ஊட்டிவிட்டாள். சமதரையில் சுமந்துகொண்டு நடந்தால் அது கணக்கில் வருமா என்று மாப்பிள்ளையிடம் கேட்கப் போனாள். ஞானசேகரன் வாயைத் திறந்தார். மரகதம் அதற்குள் அவர் வாயில் ஒரு முழு லட்டை வைத்துவிட்டாள்.

புறப்படும் நேரம் வந்தது. டிரங்குப் பெட்டி வேனில் ஏறியது. மரகதம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் இருந்தது, முகம் சிரித்தது. கோமதி ஏறப் போனார். வழியில் சோலையப்பன் கட்டையோடு நின்றிருந்தான்.

"இதை எதுக்குப்பா சும்மா தூக்கிக்கிட்டு நிக்கறே? வைக்கிற இடத்துல வையேன்."

சோலையப்பனின் முகம் மலர்ந்தது. எடுக்கத்தான் வைரவன் வாயால் சொல்ல வேண்டும். வைப்பதற்கு அப்படி ஒன்றும் பேச்சில்லை. முட்டுக்கட்டை வைக்கிற இடம் எது என்று அவனுக்குத் தெரியாதா? பக்கத்தில் இருந்த சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகினான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டான்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். வேன் உறுமியது. நகரவில்லை. பின்னால் போகலாம் என்றால் பந்தல்.

"ஏய், கட்டையை எடு!" என்றார் கோமதி.

"அண்ணன் வாயால சொல்லணுங்க" என்றான் சோலையப்பன். எல்லோரும் வைரவனைப் பார்த்தார்கள். வைரவன் பால் செம்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மரகதம் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கிறாள் என்று நினைத்து, வேனைச் சுற்றி நின்றவர்களும் ஆளுக்கொரு இடத்தில் நெற்றியை வைத்தார்கள்.

மாசிலாமணி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று யோசித்தார். பிறகு ஜன்னலுக்கு வந்து ஞானசேகரனின் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதீங்க மாப்ளே. நீங்க உங்க ஊர்ல இருக்கணும், அவ்வளவுதானே?"

"ஆமா அண்ணே."

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டவுன் ரோட்டைப் பார்த்தார்.

"அப்படியே உட்கார்ந்திருங்க. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் உங்க ஊரைத் தூக்கிட்டு வந்துடறோம்."